கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

இதே விஷயத்தை முன்பு ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதி உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்கு அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று அச்சடித்த பதில் வந்தது, கீழே இயந்திரம் போட்ட கையெழுத்து. சரி, இனி என் மொழியிலேயே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். மிச்சிகனில் ட்ராய், நோவை, கேன்டன் பக்கமெல்லாம் கார் தொழிலை நம்பி வந்து வீடு வாங்கி உட்கார்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களும் உங்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்தான். அவர்கள் படித்துவிட்டு உங்கள் கூட்டங்களில் எழுந்து கேட்டால் எனக்கு அது போதும்.

கார் கம்பெனி திணறும்போது அரசு பணம் கொடுத்துக் காப்பாற்றுவது சரியா தப்பா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. 2008, 2009-ல் காப்பாற்றியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் கேட்பது அந்தப் பணத்தோடு எழுதி வாங்கிய நிபந்தனைகளைப் பற்றி. இன்னொரு தடவை அப்படி ஒரு நாள் வரும். இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவனுக்கு அதில் சந்தேகம் இல்லை.

2008 டிசம்பரில் நான் மிச்சிகனில் ஒரு சின்னக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. நாங்கள் செய்தது பிளாஸ்டிக் கிளிப். காருக்குள் ஓடும் ஒயர்க் கட்டைத் தகட்டோடு பிடித்து நிறுத்துகிற, கட்டைவிரல் நகம் அளவுள்ள கறுப்புத் துண்டு. விலை சில சென்ட். எங்களிடம் வாங்குகிறவர் ஒயரிங் செய்கிறவர், அவரிடம் வாங்குகிறவர்கள் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளும்: ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.), ஃபோர்டு, கிரைஸ்லர். டிசம்பர் 11 ராத்திரி செனட்டில் உதவி மசோதா தோற்றது. மறுநாள் காலை முதலாளி எங்களையெல்லாம் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் பக்கத்தில் நிற்க வைத்து, வரவேண்டிய பாக்கிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். 45 நாளில் வரவேண்டிய பணம் 60 நாள் கட்டத்துக்கும், 60-ல் இருந்தது 90-க்கும் நகர்ந்திருந்தது. அந்தத் தாளை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், உடனே வெளியே எடுத்தார், மறுபடி மடித்தார். எனக்கு அப்போது எச்-1பி. வேலை போனால் விசாவும் சேர்ந்து போகும். பெண் மூன்றாம் வகுப்பு.

அவர் சொன்னது எளிமையான கணக்கு. மூன்றில் ஒருவர் பணம் தராமல் விழுந்தால் ஒயரிங்காரர் விழுவார், அவர் விழுந்தால் நாங்கள், நாங்கள் விழுந்தால் நன்றாக இருக்கும் கம்பெனிக்கும் கிளிப் கிடைக்காது. கிளிப் இல்லாவிட்டால் லைன் நிற்கும். உடனடிக் கடன் கேட்காத ஃபோர்டு தலைவர் ஆலன் முலாலி, போட்டியாளர்களுக்காகவும் வாஷிங்டன் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். தர்மசிந்தனை ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில் உங்கள் கோபம் முழுவதும் விமானங்கள் மேல் இருந்தது. நவம்பரில் மூன்று தலைவர்களும் சொந்த ஜெட்டில் வந்து கையேந்தினார்கள் என்று ஊரே சிரித்தது. அடுத்த மாதம் அவர்கள் ஹைபிரிட் காரில் 500 மைலுக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கடன் விதிகளில் தனியார் விமானங்களைக் கைவிட வேண்டும் என்றே எழுதினார்கள். பார்க்க நன்றாக இருந்தது. அதனால் ஒருவருடைய வேலையும் தப்பவில்லை.

டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ் 1,740 கோடி டாலர் அறிவித்தார். ஜி.எம்.முக்கு 1,340 கோடி, கிரைஸ்லருக்கு 400 கோடி. அந்த விதிகளை நான் அப்போதே அச்செடுத்துப் படித்தேன். கடன் பத்திரம் வைத்திருப்பவர்கள் தங்கள் கடனில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துக்கொண்டு கம்பெனிப் பங்காக வாங்க வேண்டும். ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவ நிதிக்குத் தரவேண்டியதில் பாதியைப் பணமாக இல்லாமல் பங்காகத் தர வேண்டும். 2009 முடிவதற்குள் தொழிலாளியின் சம்பளம், நிசான், டொயோட்டா, ஹோண்டாவின் அமெரிக்க ஆலைகளில் தருகிற அளவுக்கு வர வேண்டும். பெயர் சொல்லி, தேதி போட்டு எழுதியிருந்தார்கள். இவை இலக்குகள் மட்டுமே, தவறினால் காரணம் சொல்லலாம் என்று ஒரு சன்னல் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் மார்ச் 31-க்குள் பிழைக்கும் வழியைக் காட்டாவிட்டால் கடனைத் திருப்பிக் கேட்போம் என்ற வரி மேலே தொங்கியதால் எல்லாருக்கும் பயம் இருந்தது. ஒபாமாவின் குழு மார்ச் 30 அன்று இரண்டு திட்டங்களையும் தள்ளியது. ஜி.எம். தலைவர் ரிக் வேகனர் போனார். கிரைஸ்லருக்கு 30 நாள், ஜி.எம்.முக்கு 60 நாள். ஏப்ரல் 30-ல் ஒன்று, ஜூன் 1-ல் இன்னொன்று என்று இரண்டும் திவால் நீதிமன்றம் போயின.

ஆக, உங்கள் ஆட்களுக்குக் கறாராக எழுதத் தெரியும். யாரிடம் அந்தக் கறாரைக் காட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

விலைவாசி ஏறும்போது கூடவே ஏறும் சம்பள உயர்வைத் தொழிற்சங்கம் 2009-ல் விட்டுக்கொடுத்தது. புதிதாகச் சேர்கிறவருக்கு மணிக்கு 14 டாலர் அளவில், பழையவர்களின் சம்பளத்தில் பாதிதான் என்ற இரண்டு அடுக்கு முறை 2007 ஒப்பந்தத்திலேயே வந்தது, 2009-ல் அது இன்னும் இறுகியது. ஜி.எம். தன் கடனை அடைத்துவிட்டதாக 2010 ஏப்ரலில் டிவியில் விளம்பரம் போட்டது. அரசு தன் கடைசிப் பங்கை 2013 டிசம்பரில் விற்றது. அந்த விலைவாசிப் படி எப்போது திரும்பி வந்தது தெரியுமா? 2023-ல், மூன்று கம்பெனிகளிலும் வேலைநிறுத்தம் செய்த பிறகு. கம்பெனி மேல் போட்ட நிபந்தனைகள் சில வருடத்தில் காலாவதி ஆகிவிட்டன. தொழிலாளி விட்டுக்கொடுத்தது பதினாலு வருடம் ஓடியது.

அந்த விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜி.எம்.முக்குப் போன 4,950 கோடி டாலரில் கடன் என்று எழுதியது 670 கோடிதான், மிச்சமெல்லாம் பங்கு. அந்தக் கடனையும் அரசு கொடுத்து ஒரு தனிக் கணக்கில் கிடந்த பணத்தை எடுத்துத்தான் அடைத்தார்கள். கடைசியில் பங்குகளை விற்றுமுடித்தபோது சுமார் 1,120 கோடி டாலர் நஷ்டம். ஊர் முழுக்க அந்த நஷ்டத்தைப் பற்றியே பேசியது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. 2009-ல் தொழில் மொத்தமாகப் போயிருந்தால் வேலையில்லாப் படியே அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

என் அம்மா சென்னைப் பாடியில் வெகுநாள் சீட்டு நடத்தினார். இருபது பேர், மாதம் ஐந்நூறு ரூபாய், கோடு போட்ட நோட்டு. யாராவது தொடக்கத்திலேயே தள்ளிச் சீட்டு எடுத்தால், பணக்கட்டை மடியில் வைத்துக்கொண்டே ஜாமீன்தாரரை வரச் சொல்வார். கையெழுத்து விழுந்த பிறகுதான் பணம் கை மாறும். ஒரு தடவை மட்டும் எதிர்வீட்டு அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, கையெழுத்து நாளைக்கு என்று சொன்னதை நம்பிக் கொடுத்தார். அந்த நாளை வரவே இல்லை. பாக்கித் தவணையை அம்மா தன் வளையலை வைத்துக் கட்டினார். இன்னொன்றும் உண்டு. ஜாமீன் சீட்டு முடியும் வரைக்கும். எடுத்தவருக்கு நடுவில் வசதி வந்துவிட்டது, பாதித் தவணையைச் சேர்த்துக் கட்டிவிட்டார் என்பதற்காக யாரும் நோட்டைக் கிழித்துப் போடுவதில்லை.

இந்தச் சீட்டு அறிவோடு உங்கள் ஒப்பந்தங்களைப் படித்தால் ஒரு இடம் உறுத்தும். அமெரிக்காவில் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று இரண்டு கம்பெனிகளிடமும் எழுதி வாங்கினார்கள். கிரைஸ்லருக்கு எழுதியது எண்: இங்கே விற்பதில் 40 சதவீதமாவது இங்கேயே செய்ய வேண்டும், அல்லது 2008-ல் இங்கே செய்த அளவில் 90 சதவீதமாவது செய்ய வேண்டும். ஜி.எம்.முக்கு எழுதியதிலும் 90 சதவீதம் வருகிறது, ஆனால் அவர்களே போட்ட திட்டத்தில் 90 சதவீதம். அதையும் எட்ட 'வணிக ரீதியில் நியாயமான முயற்சி' எடுத்தால் போதும். நியாயமான முயற்சி! எங்கள் கிளிப்பில் அளவு பிசகினால் நாங்கள் முயற்சி செய்தோம் என்று எந்த வாடிக்கையாளரிடமாவது சொல்ல முடியுமா? பெட்டியோடு திரும்பி வரும், வண்டிச் சத்தமும் எங்கள் தலையில்.

உங்கள் ஆட்கள் எழுதியதிலேயே நான் ரசித்த ஒரு நிபந்தனை ஃபியட்டுக்குப் போட்டது. கிரைஸ்லரை எடுத்து நடத்த வந்த அந்த இத்தாலியக் கம்பெனிக்கு முதலில் 20 சதவீதப் பங்குதான். மேலே மூன்று படி, ஒவ்வொன்றுக்கும் 5 சதவீதம். ஃபியட்டின் சிக்கன எஞ்சினை அமெரிக்காவில் செய்தால் ஒரு 5. வட அமெரிக்காவுக்கு வெளியே விற்பனையைக் குறித்த அளவுக்கு உயர்த்தினால் ஒரு 5. கேலனுக்கு 40 மைல் ஓடும் காரை அமெரிக்காவில் செய்தால் இன்னொரு 5. செய், வாங்கிக்கொள். செய்யாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், பங்கு கிடைக்காது, அவ்வளவுதான். எஞ்சின் மிச்சிகனில் டண்டீ ஆலையில் வந்தது. 2011 ஜனவரியில் முதல் படி, ஏப்ரலில் இரண்டாவது, 2012 ஜனவரியில் மூன்றாவது. ஆளை விரட்டாமல் வேலை நடந்தது.

ஆனால் மூன்றாவது படியில் ஒரு ஓட்டை. அந்த 40 மைல், கார்க் கண்ணாடியில் ஒட்டும் தாளில் வருகிற எண் இல்லை. ஆய்வகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது வருகிற, திருத்தாத எண். தாளில் போடும்போது அது நன்றாகவே இறங்கிவிடும். அந்தக் கார் டாட்ஜ் டார்ட், இலினாய் மாநிலத்தில் பெல்விடியர் ஆலையில் செய்தார்கள். பெட்ரோல் விலை இறங்கியதும் ஜனம் பெரிய வண்டிக்கு ஓடியது, 2016-ல் டார்ட்டை நிறுத்தினார்கள். வாங்கிய 5 சதவீதம் வாங்கியதுதான். பெல்விடியருக்கு அப்புறம் ஜீப் செரோக்கி வந்தது. 2023 பிப்ரவரியில் ஆலையே ஓய்ந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியே. அதைத் திரும்பத் திறப்போம் என்ற வாக்குறுதி அதே வருட வேலைநிறுத்த ஒப்பந்தத்தில்தான் வந்தது. அரசு கேட்டு வாங்கவில்லை, சங்கம் தெருவில் நின்று வாங்கியது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: என்ன கார் செய்ய வேண்டும் என்று சொல்வது உங்களுக்குச் சரிப்படாத வேலை. சந்தை எங்கே திரும்பும் என்று கம்பெனிக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? எந்த ஊரில், எத்தனை பேரோடு, எவ்வளவு காலம் என்று கேளுங்கள். அது உங்கள் வேலை.

அப்படிக் கேட்ட ஒரு மாநிலம் உண்டு. லார்ட்ஸ்டவுன் ஆலையை நீண்ட காலம் நடத்த வேண்டும் என்று ஒஹாயோ அரசு அந்தக் காலத்தில் ஜி.எம்.மோடு வரிச்சலுகை ஒப்பந்தம் போட்டது. சலுகை 6 கோடி டாலருக்கு மேல். 2018 நவம்பரில் ஜி.எம். அந்த ஆலைக்கு இனி வண்டி ஒதுக்கவில்லை என்று அறிவித்தது. ('மூடுகிறோம்' என்று சொல்லவில்லை பாருங்கள், 'ஒதுக்கவில்லை'.) கடைசி க்ரூஸ் கார் 2019 மார்ச் 6 அன்று லைனை விட்டு இறங்கியது. வாஷிங்டனில் அதிபர் ட்வீட் போட்டுத் திட்டினார். அதற்குமேல் செய்ய அவர் கையில் தாள் எதுவும் இல்லை, 4,950 கோடிக்கு எழுதிய தாளெல்லாம் முடிந்துபோயிருந்தது. ஒஹாயோவின் கையில் தாள் இருந்தது. 2020 செப்டம்பரில் அவர்கள் 2.8 கோடி டாலரைத் திருப்பிக் கட்ட வைத்தார்கள், அந்த வட்டாரத்துக்கு இன்னொரு 1.2 கோடி செலவழிக்கச் செய்தார்கள். கொடுத்ததெல்லாம் திரும்பவில்லை என்று நானும் முனகினேன். ஆனாலும் சின்னத் தொகைக்கு ஒழுங்காக எழுதியவன் எதையாவது திரும்ப வாங்கினான், மலை போலக் கொடுத்தவன் ட்வீட் போட்டான்.

இது அமெரிக்க நோய் மட்டும் இல்லை. பிரான்சில் 2009-ல் சர்க்கோசி அரசு ரெனோவுக்கும் பெஜோ-சித்ரோவனுக்கும் தலா 300 கோடி யூரோ கடன் கொடுத்தது. கடன் இருக்கும் வரை பிரான்சில் ஆலையை மூடக் கூடாது என்பது பேச்சு. இருவரும் 2011-லேயே அடைத்துவிட்டார்கள். 2012 ஜூலையில் பெஜோ-சித்ரோவன், பாரிஸ் பக்கத்தில் இருக்கும் ஓல்னே ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. ஆஸ்திரேலியாவில் 2012-ல் 27.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் உதவி என்றதும் ஜி.எம்.மின் அந்நாட்டுக் கம்பெனியான ஹோல்டன் 2022 வரை இருப்போம் என்றது; அடுத்த வருடமே போகிறோம் என்றது; 2017 அக்டோபரில் போயே விட்டது. தென் கொரியா கொஞ்சம் சுதாரித்தது. 2018-ல் அங்கே ஜி.எம். ஓர் ஆலையை மூடியபோது அரசின் வளர்ச்சி வங்கி 75 கோடி டாலரைக் கடனாகத் தராமல் பங்காகப் போட்டது, பத்து வருடம் இருக்க வேண்டும் என்றும் கேட்டது. கடன் என்றால் அடைத்துவிட்டு நழுவலாம், பங்கை அப்படி அடைத்துவிட முடியாது.

நிபந்தனை எழுதும் மேசையில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜி.எம்.மிலிருந்து பிரிந்த டெல்ஃபி என்ற உதிரிபாகக் கம்பெனியின் பென்ஷன் 2009-ல் அரசுக் காப்பீட்டு அமைப்பிடம் போனது. சங்கத்தில் இருந்தவர்களுக்குக் குறைந்ததை ஜி.எம். ஈடுகட்டியது, பழைய ஒப்பந்தம் இருந்தது. மாதச் சம்பளத்தில் இருந்த சுமார் 20,000 பேருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர்களில் பலர் என்னைப் போன்ற தரக்கட்டுப்பாட்டு ஆட்கள், சூப்பர்வைசர்கள், கணக்கர்கள். பத்து வருடத்துக்கு மேல் வழக்கு நடத்தினார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் கேட்கவே மறுத்தது.

சப்ளையர்களுக்காக 2009 மார்ச்சில் 500 கோடி டாலர் என்று ஒரு திட்டம் வந்தது. எந்த சப்ளையருக்கு என்று தீர்மானிப்பவர்கள் ஜி.எம்.மும் கிரைஸ்லரும். நேரடியாக அவர்களுக்கு விற்கிறவர்களைத் தாண்டி அது இறங்கவில்லை. மொத்தம் வெளியே போன கடன் சுமார் 41 கோடிதான். எங்கள் முதலாளி வீட்டை அடகு வைத்தார். சம்பளம் பத்து சதவீதம் வெட்டு, வெள்ளிக்கிழமை கட்டாய விடுப்பு. கம்பெனி அந்தத் தடவை பிழைத்தது. வெட்டிய பத்து திரும்பி வர நாலு வருடம் ஆனது. இதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை, அவர் தன் சம்பளத்தை முதலில் வெட்டினார்.

நிபந்தனை அதிகம் போட்டால் கம்பெனி சுதந்திரமாக நடக்க முடியாது, அரசியல்வாதி ஆலைக்குள் மூக்கை நுழைப்பான் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஒபாமாவே பெரும்பங்கு வாங்கிவிட்டு, வேண்டா வெறுப்பான பங்குதாரர் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. தன் தொகுதி ஆலையைக் காப்பாற்ற ஆளாளுக்கு போன் போட்டால் எந்தக் கம்பெனியும் உருப்படாது. அதனால்தான் முதலிலேயே எழுதிவிடுங்கள் என்கிறேன். தாளில் எண் இருந்தால் போன் தேவைப்படாது.

எனக்கு வேண்டியது பெரிய பட்டியல் இல்லை. நிபந்தனையின் ஆயுளைக் கடனோடு கட்டாதீர்கள், காலண்டரோடு கட்டுங்கள். அடைத்தாலும் பத்து வருடம் என்றால் பத்து வருடம்தான். ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் விலை இருக்கட்டும், ஃபியட்டின் 5 சதவீதம் போலவோ ஒஹாயோவின் திருப்பிக் கட்டு போலவோ. தொழிலாளி விட்டுக்கொடுப்பதற்கும் அதே காலண்டரைப் போடுங்கள்; கம்பெனி லாபத்துக்கு வந்து இத்தனை வருடத்தில் அவருடையது தானாகத் திரும்ப வேண்டும், வேலைநிறுத்தம் வரைக்கும் போகக் கூடாது. எங்களைப் போல இன்னொரு சப்ளையருக்கு விற்கிற இரண்டாம் மூன்றாம் அடுக்கு சப்ளையருக்கு இத்தனை நாளில் பாக்கி போக வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் முதலாளி சட்டைப் பையில் மடித்து வைத்த அந்தத் தாளுக்கு அது போதும்.

இதையெல்லாம் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்காதீர்கள். சம்பளத்துக்குக் கையில் காசு இல்லாத வாரத்தில் அவர்கள் எதற்கும் கையெழுத்துப் போடுவார்கள். அந்த வாரம் ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

அடுத்த வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது அதில் 'முயற்சி' என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு எண்ணும் ஒரு தேதியும் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு தரக்கட்டுப்பாட்டுக்காரன்